கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்னு எழுதுனீங்களே, அந்த ஒரு வரியைப் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர்ல 19 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் தினமும் கடைக்கு வரும், வேலை இல்லாத மத்தியானத்துல வரி விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சிருவேன், ஆனா கடிதம்னு ஒண்ணு எழுதுனது இதான் மொத தடவை. மூணு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய கம்ப்யூட்டரை கேமிங் கம்ப்யூட்டரா மாத்துறது எப்படின்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, பசங்களுக்குப் புரியுற மாதிரி எழுதிருந்தாங்க, அதை இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, எஸ்எம்பிஎஸ்ல, அதான் கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டியில, கிராபிக்ஸ் கார்டுக்கு உண்டான கேபிள் இல்லைன்னா கவலைப்படாதீங்க, நூறு ரூபாய்க்கு கன்வெர்ட்டர் கிடைக்கும், வாங்கி போட்டுக்கலாம்னு. இன்னொண்ணு, ஓவர்கிளாக் பண்ணா, அதாவது சிப்பை கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டுனா, பைசா செலவில்லாம 30 சதவீதம் வேகம் கூடும்னு. ரெண்டாவது சும்மா ஏமாத்தம், போகட்டும். மொதல்ல சொன்னது வீட்டை கொளுத்துற சமாச்சாரம். அதுக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி டிவிஎஸ் 50ல சிபியுவை காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு வந்து இறங்குனான், கூடவே அவங்கப்பா. காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற பையன், அப்பா பருப்பு மில்லுல கணக்கு எழுதுறவரு. "அண்ணே, கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல பொசுக்குன்னு ஆஃப் ஆயிருச்சுண்ணே, ஒரு மாதிரி வாடை வேற வந்துச்சு"ன்னான். நான் சைடு கதவை கழட்டுறதுக்கு முன்னாடியே அந்த வாடை வந்துருச்சு, இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு அதுக்கு விளக்கம் தேவையில்ல. உள்ள ஆர்எக்ஸ் 580ன்னு ஒரு கிராபிக்ஸ் கார்டு, சென்னை ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டா 5,500 ரூபாய்க்கு வாங்கிருக்கான். வாங்கி ஒரு மாசம் சும்மா அட்டைப்பெட்டியிலயே வச்சிருந்தானாம், ஏன்னா அதுக்கு 8 பின் கேபிள் வேணும், இவன் கம்ப்யூட்டர்ல இருக்கறது கேபினெட்டோட சேந்து வந்த எஸ்எம்பிஎஸ், அதுல அந்தக் கேபிளே கிடையாது. புது எஸ்எம்பிஎஸ்க்கு காசு சேத்துக்கிட்டு இருந்திருக்கான், புத்திசாலிப் பையன்தான். அப்பதான் உங்க கட்டுரை வந்துருக்கு. அவங்கப்பாவே அதை கத்தரிச்சு எடுத்து, "இந்தா பாரு, நூறு ரூபாயோட முடியுற வேலைக்கு நாலாயிரம் கேக்குறியே"ன்னு கையில குடுத்துருக்காரு.

கன்வெர்ட்டர் எப்படின்னா, ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்குக்கு கரண்ட் குடுக்குற சாட்டா பின் ரெண்டு, இன்னொரு பக்கம் கார்டுல சொருகுற 8 பின். கார்டு பக்கம் நல்லாருக்கு. சாட்டா பக்கம்தான் போச்சு. கருப்பு பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி, எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற சாட்டா தலையோட ஒட்டிப்போய் ஒரே கட்டியா கிடக்கு, இழுத்தா வரல, கட்டிங் பிளேயர் வச்சு நறுக்கித்தான் எடுத்தேன். மஞ்ச ஒயருதான் 12 வோல்ட், அதோட தோல் ரெண்டு இஞ்சுக்கு காப்பிக் கலர் ஆகி, விரல் வச்சதும் உதிருது. பக்கத்துல இருந்த கருப்பு ஒயரோட தோலும் இளக ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் ஓடிருந்தா மஞ்சளும் கருப்பும் ஒண்ணா சேந்து ஷார்ட் ஆயிருக்கும். ராத்திரி பதினோரு மணி, பையன் காதுல ஹெட்போன், மத்தவங்க எல்லாரும் தூக்கம். நெனச்சுப் பாருங்க.

நான் அதை மேஜை மேல வச்சதும் அவங்கப்பா சட்டைப் பையில இருந்து உங்க கட்டிங்கை எடுத்து விரிச்சாரு. "என்ன தம்பி இது, பேப்பர்லயே போட்டிருக்கான், தப்பாவா போடுவான்?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, உங்ககிட்டதான் இருக்கு. கணக்கை மட்டும் நான் சொல்றேன், யார் வேணா சரி பாத்துக்கலாம்.

சாட்டா கரண்ட் பின்னுல மொத்தம் 15 கால், அதுல 12 வோல்ட்டுக்குன்னு இருக்கறது 3 தான். ஒரு காலுக்கு ஒன்றரை ஆம்பியர்னு வரையறை. ஆக நாலரை ஆம்பியர், 12ஆல பெருக்குனா 54 வாட்ஸ். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம், அதுக்காகத்தான் செஞ்சது. இப்ப கார்டு பக்கம் வாங்க. மதர்போர்டு ஸ்லாட் வழியா ஒரு கார்டுக்கு 75 வாட்ஸ் வரைக்கும் கிடைக்கும். அதுக்கு மேல வேணும்னா 6 பின் கேபிள், அது 75 வாட்ஸ். 8 பின்னுன்னா 150 வாட்ஸ். ஆர்எக்ஸ் 580க்கு கம்பெனி சொல்ற கணக்கு 185 வாட்ஸ், ஸ்லாட்டு எவ்வளவு குடுத்தாலும் மிச்சம் 110க்கு மேல அந்த 8 பின் வழியாத்தான் வரணும். ரெண்டு சாட்டாவையும் சேத்தா 108. சரி கிட்டத்தட்ட வந்துருச்சேன்னு நெனைப்பீங்க, ஆனா மட்டமான எஸ்எம்பிஎஸ்ல அந்த ரெண்டு சாட்டா தலையும் ஒரே ஒயருல பாசிமணி கோத்த மாதிரி வரிசையா தொங்கும், அந்த ஒயரும் நூல் கனம்தான், மூணாவதா அதே ஒயருல ஹார்ட் டிஸ்க்கும் தொங்கும். கேம்ல பெரிய சண்டைக் காட்சி வர்றப்ப கார்டு ஒரு கண நேரத்துக்கு சொன்னதுக்கு மேலயும் இழுக்கும். இதுல பையன் ஓவர்கிளாக் வேற பண்ணிருந்தான், உங்க கட்டுரையைப் பாத்துத்தான். கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்னு எல்லை வைக்கிற பவர் லிமிட்டுன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதை கடைசி வரைக்கும் தள்ளி விட்ருந்தான்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை திருப்பிக் காட்டுனேன். முன்னாடி பெருசா 450 வாட்ஸ்னு போட்டிருக்கு. கீழ கட்டத்துல பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர். 12 இண்டு 16, 192 வாட்ஸ். அவ்வளவுதான் சார் அதுல இருக்கறது. மிச்சம் 250 வாட்ஸ் எங்கன்னு கேட்டா 5 வோல்ட்டு, 3.3 வோல்ட்டுன்னு காமிச்சு கூட்டிருப்பான், இன்னைக்கு இருக்குற கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டுக்கும் பெரிய வேலையே கிடையாது. பிராசசரும் கார்டும் குடிக்கிறது கிட்டத்தட்ட பூரா 12 வோல்ட்டு. இந்தத் தம்பியோட பிராசசர் ஐ5 2400, 2011ல வந்தது, அது மட்டும் 95 வாட்ஸ். கார்டு 185. கூட்டுனா 280. 192ல 280ஐ எப்படி எடுக்கறது, குடத்துல இருக்கறதுதானே குவளைக்கு வரும்.

அதனால எஸ்எம்பிஎஸ் வாங்கறப்ப பெட்டி மேல போட்டிருக்கற வாட்ஸைப் பாக்காதீங்க, அந்தப் பொடி எழுத்தைப் பாருங்க. கையில தூக்கிப் பாருங்கன்னும் நான் சொல்லுவேன், இது விஞ்ஞானம் இல்ல, பழக்க தோஷம், ஆனா நல்லது கனமாத்தான் இருக்கும். மட்டமானதுல காயிலும் ஹீட் சிங்கும் பேருக்கு இருக்கும். கரண்டை வீணாக்காததுக்குக் குடுக்குற 80 பிளஸ்னு முத்திரை இருக்கறதா, 6 பின் 8 பின் கேபிள் கம்பெனியிலயே வச்சுக் குடுத்ததா பாத்து வாங்கணும். கம்பெனிக்காரன் அந்தக் கேபிளை வைக்கலைன்னா இந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு ஆகாதுன்னு அவனே சொல்லிட்டான்னு அர்த்தம், நாம என்ன அதுக்கு மேல கெட்டிக்காரத்தனம் காட்டுறது. கனெக்டர் உருகுறது ஏதோ ஏழை வீட்டுப் பிரச்சினைன்னும் நெனச்சிராதீங்க, 2022 கடைசியில ஆர்டிஎக்ஸ் 4090 வந்தப்ப, 450 வாட்ஸ் இழுக்குற கார்டு அது, அதோட புது மாதிரி கனெக்டரே சில பேருக்கு உருகிப்போச்சு, முழுசா உள்ள போற வரைக்கும் சொருகலைன்னு கம்பெனி சொல்லுச்சு. லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குனவனுக்கே அந்தக் கதி.

புது எஸ்எம்பிஎஸ் வாங்க வழியில்லைன்னா தப்பில்ல, அதுக்கும் கார்டு இருக்கு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அதுக்கப்புறம் 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650, ரெண்டும் 75 வாட்ஸ் கார்டு, தனி கேபிள் இல்லாத மாடலா பாத்து வாங்குனா ஸ்லாட்டுல சொருகுனதும் ஓடும். பசங்க மூஞ்சைச் சுளிப்பானுங்க, "அது பழசுண்ணே". பழசுதான், ஆனா எரியாது.

இன்னொண்ணு, உங்க கட்டுரையில எந்த பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பா இருந்தாலும் புதுக் கார்டு போட்டா போதும்னு வருது. எச்61ங்குற பழைய மதர்போர்டு வச்சிருக்கவங்க நம்ம ஊர்ல இன்னும் ஏராளம், அவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 ஜனவரியில ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டின்னு ஒரு கார்டு வந்துச்சு, அதுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், அதாவது ஸ்லாட்டுல டேட்டா போய் வர்ற பாதை, நாலே நாலுதான், பதினாறு கிடையாது. புது போர்டுல நாலாவது தலைமுறை வேகத்துல ஓடுறதால நாலு லேன் சமாளிக்கும். ஐ5 2400 ஓடுற மாதிரி பழைய போர்டுல இருக்குற ரெண்டாம் தலைமுறை ஸ்லாட்டுல போட்டா அதே நாலு லேன் நாலுல ஒரு பங்கு வேகத்துலதான் ஓடும், நாலு வழிச் சாலையில வந்த லாரி எங்க ஊர் பஜார் தெருவுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. கார்டுல மெமரி 4 ஜிபிதான், அது நெறைஞ்சதும் அந்தச் சந்து வழியா ரேம்க்கு போய் வரணும், கேம் திக்கித் திக்கி நிக்கும். கார்டு புதுசு, காசு புதுசு, கேம் மட்டும் பழசு மாதிரியே ஓடுதுன்னு ரெண்டு பேர் என்கிட்ட வந்துட்டாங்க.

சரி, ஓவர்கிளாக்குக்கு வர்றேன். நான் இதுக்கு எதிரி கிடையாது. 2001ல நான் ஒரு பிரௌசிங் சென்டர்ல எடுபிடியா சேந்தப்ப அங்க ஒரு மிஷின் செலரான் 300ஏ. 1998ல வந்த பிராசசர், 300 மெகா ஹெர்ட்ஸ். பிராசசரும் போர்டும் பேசிக்கிற பஸ் வேகத்தை 66ல இருந்து 100க்கு மாத்துனா அது 450 மெகா ஹெர்ட்ஸ்ல ஓடும், ஒரு முணுமுணுப்பு இல்லாம. ஓனர் அதை ஏதோ சித்து வேலை மாதிரி எல்லாருக்கும் காட்டுவாரு. ஒண்ணரை மடங்கு சார், அதெல்லாம் ஒரு காலம். அந்தக் கதையை வச்சுக்கிட்டு இன்னைக்கும் 30 சதவீதம், 40 சதவீதம்னு எழுதுனா எப்படி. 2012ல ஜிடிஎக்ஸ் 680ல இருந்து என்விடியாவோட கேமிங் கார்டு பெரும்பாலும் தன்னால ஓவர்கிளாக் பண்ணிக்குது, ஜிபியு பூஸ்ட்டுன்னு பேரு. சூடு குறைவா இருக்கா, கரண்ட் மிச்சம் இருக்கா, சரி வேகத்தை ஏத்திக்கன்னு கார்டே முடிவு பண்ணிரும். நமக்கு விட்டுவைக்கிறது ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற கொஞ்சம்தான்.

என்கிட்டயே கடையில ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி இருக்கு, 2016ல வந்த கார்டு, இன்னும் உழைக்குது. பெட்டியில 1708 மெகா ஹெர்ட்ஸ் பூஸ்ட்டுன்னு போட்டிருப்பான், ஆனா சும்மா மாட்டுனாலே 1900 வரைக்கும் தானா போகுது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு இலவச சாப்ட்வேர், எந்த கம்பெனி கார்டா இருந்தாலும் வேலை செய்யும், அதுல கோர் கிளாக்கை, அதாவது சிப்போட வேகத்தை, நூறு ஏத்துனேன். 1900ல 100ன்னா அஞ்சு சதவீதம். மெமரி 8 ஜிகாபிட்ல இருந்து 8.8க்கு தள்ளுனேன், அது பத்து சதவீதம். கேம்ல செகண்டுக்கு 60 ஃபிரேம் வந்த இடத்துல 64 வந்துச்சு. இந்த நாலு ஃபிரேமுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். அந்த நாலையும் கண்ணால பாத்து சொல்ற ஆளை நான் இன்னும் சந்திக்கல.

மெமரி விஷயத்துல ஒரு கள்ளத்தனம் இருக்கு, பசங்களுக்குத் தெரியாது. கோர் கிளாக் அதிகமாப் போனா கார்டு நேர்மையா சொல்லிரும், திரையில கலர் கலரா புள்ளி வரும், கட்டம் கட்டமா வரும், இல்லைன்னா கார்டு ரெண்டு செகண்டு பேச்சு மூச்சில்லாம கிடக்கும், விண்டோஸ் டிரைவரை திரும்ப எழுப்பிவிடும். ஆனா இந்த மாதிரி கார்டுல இருக்குற ஜிடிடிஆர்5 மெமரிக்கு தப்பா வந்த டேட்டாவை கண்டுபிடிச்சு மறுபடி அனுப்பச் சொல்ற வித்தை உள்ளயே இருக்கு. அதனால அளவு மீறி ஏத்துனா உடனே ஹேங் ஆகாது, புள்ளி வராது, மெதுவாகிரும். அனுப்புனதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டு இருக்கும். பையன் 600 ஏத்திருக்கேன்ணேன்னு மார்தட்டுவான், 400ல ஓடுனதைவிட கம்மியா ஓடிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு தடவை ஏத்துனப்பறமும் டெஸ்ட் ஓட்டி நம்பரைப் பாத்தாத்தான் தெரியும்.

இனிமே நம்ம ஊர் வெயிலு. இதைத்தான் எந்தக் கட்டுரையும் எழுத மாட்டேங்குது. வெளிநாட்டுக்காரன் ஏசி ரூம்ல 22 டிகிரியில உக்காந்து டெஸ்ட் பண்ணி 70 டிகிரி தாண்டலைன்னு வீடியோ போடுறான். நம்ம பையன் மாடி ரூம்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழ, அக்னி நட்சத்திரத்துல, 40 டிகிரியில உக்காந்துருக்கான். கார்டோட சூடுங்கறது ரூம் சூட்டுக்கு மேலதான் ஏறும், ரூம்ல 18 கூடுனா கார்டுலயும் ஏறக்குறைய அது கூடும். 1060 மாதிரி கார்டு 83 டிகிரியை எல்லையா வச்சிருக்கும், அதுக்கு வெகு முன்னாடியே 13 மெகா ஹெர்ட்ஸ் 13 மெகா ஹெர்ட்ஸா படி இறங்க ஆரம்பிச்சிரும். போன மே மாசம் ஒரு பரீட்சை பண்ணுனேன். ஒரே செட்டிங்கு, கார்டை முழுசா வேலை வாங்குற ஹெவன்ங்குற டெஸ்ட்டை காலையில அஞ்சு மணிக்கு ஓட்டுனா முழுசா ஓடுது. அதையே மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டுனேன், இருபது நிமிஷத்துல நான் ஏத்துன நூறும் கரைஞ்சுபோய், பழைய இடத்துக்கே வந்து நின்னுக்கிச்சு, ஃபேன் மட்டும் கிரைண்டர் மாதிரி கத்துது. கரண்ட் செலவும் சத்தமும்தான் கண்ட பலன்.

அதனால நான் கடைக்கு வர்ற பசங்களுக்கு சொல்றது ஏத்தாதடா, இறக்குன்னு. சிப்புக்குப் போற வோல்ட்டேஜைக் குறைக்கிறது, அண்டர்வோல்ட்டுன்னு பேரு. எப்படி சாத்தியம்னா, ஒரே சிலிக்கான் தட்டுல வெட்டுன சிப்பா இருந்தாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, சிலது கம்மி வோல்ட்டேஜ்லயே ஓடும், சிலதுக்கு கூட வேணும். கம்பெனிக்காரன் ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு கம்மியில ஓடும்னு கடைசி எல்லை வரைக்கும் பாத்து வச்சுக்கிட்டு இருக்க முடியாது, சோப்ளாங்கி சிப்பும் ஓடுற மாதிரி எல்லாத்துக்கும் தாராளமா வச்சு விடுவான். ஸ்கூல் பையனுக்கு டவுசர் தைக்கிறப்ப டெய்லர் உள்ள மடிச்சு துணி விடுவாரே, அது மாதிரி. ஓவர்கிளாக் பண்றவன் அந்த மடிப்பைப் பிரிச்சு நீளத்துக்கு எடுத்துக்கறான். அண்டர்வோல்ட் பண்றவன் அதை சூடு குறைக்க எடுத்துக்கறான். துணி ஒண்ணுதான்.

இதுல கணக்கு நம்ம பக்கம். சிப்பு தின்னுற கரண்ட் வேகம் கூடுனா அதே வீதத்துல கூடும், ஆனா வோல்ட்டேஜுக்கு வர்க்கத்துல கூடும். என் 1060 தானா ஓடுறப்ப 1.05 வோல்ட்டு எடுத்துச்சு. 0.9க்கு இறக்குனேன். 0.9ஐ 1.05ஆல வகுத்து, வந்ததை அதாலயே பெருக்குங்க, 0.73 வரும். அதே வேகத்துக்கு சிப்பு எடுக்குறதுல கால் பங்குக்கு மேல மிச்சம். பண்றது ஒண்ணும் கஷ்டம் இல்ல, ஆஃப்டர்பர்னரைத் திறந்து கண்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்குனா ஒரு கோடு வளைஞ்சு மேல போறது தெரியும், கீழ மில்லிவோல்ட், பக்கவாட்டுல மெகா ஹெர்ட்ஸ். 900ங்குற இடத்துல இருக்குற புள்ளியைப் பிடிச்சு 1850க்கு தூக்கி வச்சுட்டு, அதுக்கு வலது பக்கம் இருக்கறதையெல்லாம் அதே உயரத்துக்கு சமமா படுக்க வச்சு டிக் பட்டனை அமுக்கணும். டெஸ்ட் ஓட்டி ஹேங் ஆனா 1825க்கு இறக்கு, மறுபடி ஓட்டு. ஏஎம்டி கார்டுன்னா அவங்க டிரைவர் சாப்ட்வேர்லயே டியூனிங்னு இருக்கு. என் கார்டுல சூடு பத்து டிகிரி குறைஞ்சுச்சு, ஃபேன் சத்தம் அடங்கிருச்சு. காகிதத்துல 1900ல இருந்து 1850, குறைச்சலாத் தெரியும். ஆனா அந்த 1850 மத்தியானம் ரெண்டு மணிக்கும் 1850தான், படி இறங்குறதே இல்ல. யுபிஎஸ்ஸும் தாங்கும். நம்ம வீடுகள்ல இருக்குற 600 விஏ யுபிஎஸ் 360 வாட்ஸ் குடுத்தாலே பெருசு, கேம் ஓடுறப்ப கரண்ட் போனா கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுட்டு அதுவும் படுத்துரும், அண்டர்வோல்ட் பண்ணி வச்சா சேவ் பண்ற அளவுக்காவது நிக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு பாக்கணும், கேம் மெதுவா ஓடுறதுக்கு கார்டுதான் குத்தவாளியான்னு. ஆஃப்டர்பர்னர்ல கேம் ஓடுறப்பவே மூலையில ஜிபியு, அதான் கார்டுல இருக்குற சிப்பு, எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு காட்ட வைக்கலாம். 98, 99ன்னு நின்னா கார்டு முழு மூச்சா வேலை பாக்குதுன்னு அர்த்தம், அப்ப அதுல கை வைக்கலாம். 55, 60ன்னு நின்னா கார்டு சும்மா உக்காந்துருக்கு, பிராசசர் குடுக்குற வேலை பத்தல. வேலரண்ட் விளையாடுற பசங்க பாதிப்பேருக்கு இதான் நிலைமை, அந்த கேம் பிராசசரைத்தான் கசக்கும். நாலு கோர் ஐ5 வச்சுக்கிட்டு கார்டை எத்தனை ஏத்துனாலும் ஒரு ஃபிரேம் கூட வராது. ரேம் ஒத்தை ஸ்டிக்கா இருந்தா இன்னொண்ணு போடுங்க, சில நூறு ரூபாயில டிடிஆர்3 செகண்ட் ஹேண்டு கிடைக்குது, அது குடுக்குற வித்தியாசம் ஓவர்கிளாக் குடுக்காது.

செகண்ட் ஹேண்டு கார்டு பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல, நம்ம பசங்க பத்துல எட்டுப் பேர் அதைத்தான் வாங்குறானுங்க, அதனால சொல்லிர்றேன். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எத்தீரியம்ங்குற டிஜிட்டல் காசு தன்னோட முறையை மாத்துனதும் கிராபிக்ஸ் கார்டு வச்சு அதை மைனிங் பண்றது, அதாவது கார்டை ராப்பகலா கணக்குப் போட வச்சு அந்தக் காசை சம்பாதிக்கிறது, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் மூட்டை மூட்டையா கார்டு மார்க்கெட்டுக்கு வந்துச்சு. மைனிங் கார்டுன்னாலே வாங்காதன்னு சொல்றவங்க உண்டு, நான் அப்படி சொல்ல மாட்டேன். சிப்பு நல்லாத்தான் இருக்கும், பெரும்பாலும் அவனும் வோல்ட்டேஜ் குறைச்சுத்தான் ஓட்டிருப்பான். போறது ஃபேன் பேரிங், அப்பறம் சிப்போட சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்துற தெர்மல் பேடு, பேஸ்ட்டு. இந்தத் தம்பி கார்டையும் திறந்தேன், பேஸ்ட்டு காஞ்ச சந்தனம் மாதிரி பொடிப்பொடியா உதிருது. இன்னொரு தொல்லை, மைனிங்குக்காக பயாஸை, அதாவது கார்டுக்குள்ளயே இருக்குற அடிப்படை சாப்ட்வேரை, மாத்தி வச்சிருப்பானுங்க, கேம் போட்டா காரணமே இல்லாம நிக்கும், பழைய பயாஸை ஏத்துனா சரியாயிரும். ஆர்எக்ஸ் 580 வாங்குறவங்க கார்டோட ஜாதகத்தைக் காட்டுற ஜிபியு-இசட் சாப்ட்வேர் போட்டு, ஷேடர்ங்குற கணக்குப் போடுற யூனிட் எத்தனைன்னு பாருங்க, 2304 இருக்கணும், 2048 காட்டுனா அது பேரளவுல 580, உள்ள 570. பழைய கார்டுக்கு புதுப் பேர் எழுதுன பயாஸ் போட்டு 1050 டிஐன்னு விக்கிற அநியாயமும் நடக்குது, அதையும் ஜிபியு-இசட் போலின்னு முகப்புலயே காட்டிக் குடுத்துரும். கடையில காசு குடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் போட்டுக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா அடுத்த கடை.

தம்பி சமாச்சாரத்தை முடிச்சிர்றேன். கார்டு பொழச்சுக்கிச்சு, அது அவன் அதிர்ஷ்டம். ஹார்ட் டிஸ்க் போச்சு, அதே ஒயருல தொங்குனதாச்சே. செமஸ்டர் புராஜெக்ட்டு அதுலதான் இருந்துச்சாம், அதைச் சொல்றப்பதான் பையன் கண்ணு கலங்குச்சு. அவங்கப்பா ஒண்ணும் பேசல, வெளிய போய் டீ குடிச்சுட்டு வந்து, நல்ல எஸ்எம்பிஎஸ் என்ன விலைன்னு கேட்டாரு. 550 வாட்ஸ் ஒண்ணு, 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல, 8 பின் கேபிளோட, மாட்டிக் குடுத்தேன், ரெண்டு தவணையில தர்றேன்னாரு. பேஸ்ட்டு மாத்தி, அண்டர்வோல்ட்டும் பண்ணிக் குடுத்திருக்கேன். நேத்து போன் பண்ணுறான், "அண்ணே, நல்லா ஓடுதுண்ணே, இப்பதான் புது எஸ்எம்பிஎஸ் இருக்கே, ஒரு அம்பது மட்டும் ஏத்திக்கவாண்ணே?" என்னத்த சொல்ல.

உருகுன கன்வெர்ட்டரை அவன்கிட்ட கேட்டு வாங்கி என் மேஜையில கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், கன்வெர்ட்டர் இருக்காண்ணேன்னு கேட்டு வர்றவங்களுக்குக் காட்டத்தான். உங்க கட்டுரை வந்ததுல இருந்து இதோட ஏழு பேர் கேட்டு வந்துட்டாங்க. இந்த ஊர்ல ஏழுன்னா, உங்க பேப்பர் போற எல்லா ஊர்லயும் எத்தனைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதோட போட்டோ ரெண்டு இந்தக் கடிதத்தோட அனுப்பிருக்கேன். கடிதம் பூரா போட இடம் இருக்காதுன்னு தெரியும், வெட்டிக்கோங்க, செலரான் கதையெல்லாம் எடுத்துருங்க. சாட்டா பின்னுல இருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு கரண்ட் எடுக்கக்கூடாதுங்குற ஒரு வரியையும் ஒரு போட்டோவையும் மட்டும், அதே ஞாயித்துக்கிழமை இணைப்புல, அதே பக்கத்துல போடுங்க. உள்பக்கத்துல மூலையில திருத்தம்னு போட்டா அந்த பருப்பு மில்லுக்காரர் மாதிரி கத்தரிச்சு எடுத்து வச்சவங்க கண்ணுல படாது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன்,
விருதுநகர்.